பதினேழாம் அறை போளூருக்குப் போனது

ஆரணியிலிருந்து போளூர் போகும் சாலையில், ஊர் முடிந்து கரும்புக் கொல்லைகள் தொடங்கும் இடத்தில் ஒரு பொறியியல் கல்லூரி இருந்தது. பட்டு வியாபாரி சந்திரமோகன் கட்டியது. புடவைக் கடையின் பெயரையே கல்லூரிக்கும் வைத்திருந்தார். முந்தானையில் வரும் மாங்காய் வடிவத்தை நுழைவாயில் வளைவிலும் போடச் சொல்லியிருந்தார். 2008-ஆம் ஆண்டு அந்தக் கல்லூரிக்கு டெல்லியிலிருந்து ஓர் ஆராய்ச்சித் திட்டம் வந்தது. எதிர்கால இணையத்தை, ஆட்கள் நடமாடிக்கொண்டே பயன்படுத்தும்படி அடியிலிருந்து புதிதாக வடிவமைப்பது எப்படி என்பது அதன் விஷயம். கேட்டு வாங்கியவள் கணினித் துறையின் ஸ்வர்ணலதா.

ஸ்வர்ணலதா சென்னையில் டாக்டர் பட்டம் வாங்கியவள். கணவருக்கு ஆரணி வங்கிக் கிளைக்கு மாற்றல் ஆனதால் அவளும் இந்தக் கல்லூரியில் வேலை தேடிக்கொண்டு வந்தாள். அவள் வந்து பால்காரர், பேப்பர்காரர் எல்லாம் ஏற்பாடு செய்து முடித்தபோது கணவருக்குத் தூத்துக்குடிக்கு மாற்றல் ஆகிவிட்டது. அவள் இங்கேயே தங்கிவிட்டாள். இருவரும் மடிக்கணினியில் முகம் பார்த்துப் பேசிக்கொள்வார்கள். அவர் வங்கியில் இருக்கும்வரை பேச்சு ஓடும். கணினியைத் தூக்கிக்கொண்டு பேருந்தில் ஏறினால் இணைப்பு வேறொன்றுக்கு மாறும், பேச்சு அறுந்துவிடும். கல்யாணமாகி ஐந்தாறு வருஷத்தில் அவர்களால் ஒரு சண்டையைக்கூட முழுதாகப் போட முடியவில்லை. திட்டத்துக்கு விண்ணப்பித்தபோது இந்தக் காரணத்தை அவள் எழுதவில்லை.

பேனரில் போடுவதற்காக, திட்டம் இன்னதென்று சந்திரமோகன் அவளைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"இப்ப இருக்கிற இன்டர்நெட்ல ஒரு கம்ப்யூட்டரோட விலாசம்தான் சார் அதோட பேரும்," என்றாள் ஸ்வர்ணலதா. "இடம் மாறினா விலாசம் மாறிடும். விலாசம் மாறினதும், இது வேற யாரோன்னு நெனச்சு, நடந்துக்கிட்டிருந்த பேச்சை வெட்டி விட்டுடும்."

"கடைய பஜார்லருந்து பைபாஸுக்கு மாத்தினப்ப எனக்கும் இதேதாம்மா ஆச்சி. முகூர்த்த சீசன்ல வந்தவங்க பழைய கடையப் பாத்துட்டு, மூடிட்டாங்கன்னு காஞ்சிபுரத்துக்குப் போயிட்டாங்க. அப்புறம் அங்க ஒரு ஸ்டூலப் போட்டு ஆள குந்த வச்சேன். வர்றவங்களுக்கெல்லாம் வழி சொல்லிகினு கீறான்."

"இப்போதைக்கு எல்லாரும் அதைத்தான் சார் பண்றாங்க. பழைய இடத்துல ஒருத்தரை வச்சு, வர்றதையெல்லாம் புது இடத்துக்குத் திருப்பி விடறாங்க. என் டிசைன்ல அந்த ஆள் தேவையில்லை. பேரு வேற, இடம் வேற. பேருக்கு அனுப்பினா, அது எங்க இருந்தாலும் போய்ச் சேரும்."

சந்திரமோகன் கன்னத்தில் கைவைத்து யோசித்தார்.

"அந்த ஸ்டூல்காரன் என் மச்சான் சேத்துவுட்ட ஆளு. அவன எடுக்க முடியாது. மத்தபடி டிசைன் நல்லாத்தான் கீது."

மறுவாரம் பேருந்து நிலையம் முன்னால் பேனர் ஏறியது. உலக உருண்டையைச் சந்திரமோகன் ஒரு கையால் தாங்கிக்கொண்டிருந்தார். எதிர்கால இணையம் ஆரணியிலிருந்து புறப்படுகிறது என்று மேலே எழுதியிருந்தது. கீழ் மூலையில் தபால்தலை அளவுக்கு ஸ்வர்ணலதா இருந்தாள். அவளுக்கு மேலே, முகூர்த்தப் பட்டுக்குச் சிறப்புத் தள்ளுபடி என்றிருந்தது.

கருவிகள் வந்து இறங்கின. இரண்டு மடிக்கணினிகள், கூரை மேல் வைக்கும் கம்பியில்லா இணைப்புப் பெட்டிகள், செல்போன் கோபுரத்தைப் பிடிக்கும் டேட்டா கார்டுகள். ஒரு நாள் வகுப்பு முடித்து, ஆராய்ச்சிக்கு ஒதுக்கிய பதினேழாம் அறைக்குப் போன ஸ்வர்ணலதா வாசலிலேயே நின்றுவிட்டாள். மடிக்கணினிகள் இரண்டையும் மேசையோடு சேர்த்து, இரும்புப் பட்டை போட்டு, நான்கு மூலையிலும் போல்ட் முடுக்கியிருந்தார்கள்.

செய்தவர் நிர்வாக அலுவலர் தசரதன். வருவாய்த் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சர்வீஸில் இருந்தபோது அவர் பொறுப்பிலிருந்த ஒரு தட்டச்சு இயந்திரம் காணாமல் போய், அதற்காக நடந்த விசாரணை அவர் ஓய்வுபெறும் நாள்வரை நடந்தது. அதிலிருந்து, தூக்கக்கூடிய எதைப் பார்த்தாலும் அவருக்குக் கை பரபரக்கும். கல்லூரியில் தண்ணீர் குடிக்கும் டம்ளருக்குச் சங்கிலி போட்டவரும் அவர்தான்.

"ஏ.ஓ. சார், லேப்டாப்னா எடுத்துக்கிட்டுப் போறதுக்குத்தானே?"

"அதேதாங்க மேடம். யார் வேணா எடுத்துக்கினு போயிடலாம். அதான் போல்ட்டு."

"இது நடமாட்டத்தைப் பத்தின ஆராய்ச்சி சார். நகர்ந்துக்கிட்டே டெஸ்ட் பண்ணணும். பஸ்ல வச்சுப் போளூர் வரைக்கும் போகணும்."

தசரதன் டெல்லி உத்தரவின் நகலை எடுத்துக் காட்டினார். கூரையில் வைக்கும் பெட்டிகள் தவிர, வாங்கும் கருவிகள் அனைத்தும் பதினேழாம் எண் அறையிலேயே இருக்க வேண்டும், எக்காரணம் கொண்டும் வெளியே எடுத்துச் செல்லக் கூடாது என்று அதில் இருந்தது. விண்ணப்பத்தில் அறை எண் கேட்ட இடத்தில் அவளே நிரப்பிய பதினேழுதான்.

"என் சொந்த லேப்டாப்ல பண்ணிக்கிறேன்."

"பண்ணிக்குங்க. ஆனா இன்ஸ்பெக்‌ஷனுக்கு வர்றவங்க, வாங்கிக் குடுத்தத வச்சி இன்னா பண்ணீங்கன்னு கேட்டா, மேசையில பூட்டி வச்சிருந்தோம்னு சொல்லணும்."

அவள் சந்திரமோகனிடம் போனாள். அவர் ஒரு கமிட்டி போட்டார். கமிட்டி பலமுறை கூடி, போளி சாப்பிட்டு, போல்ட்டுகள் துருப்பிடிக்காமல் இருக்கப் பெயின்ட் அடிக்கலாம் என்று முடிவெடுத்தது. பச்சைப் பெயின்ட் அடித்தார்கள்.

அந்த வருஷம் முழுக்க எதிர்கால இணையம் அசையாமல் இருந்தது. ஸ்வர்ணலதா வடிவமைப்பை எழுதி முடித்துவிட்டாள். ஒரே மேசையில் இருந்த இரண்டு கணினிகளும் ஒன்றுக்கொன்று பேசின. இணைப்பை அவள் கையால் மாற்றி மாற்றிப் பார்த்தாள்; பேச்சு அறவில்லை. ஆனால் நகராத கணினியில் நகர்வைச் சோதித்தேன் என்று எப்படி எழுதுவது. தூத்துக்குடியிலிருந்து கணவர் கேட்டபோதெல்லாம், "போல்ட்ல இருக்கு," என்று சொன்னாள். முழுதாக விளக்குவதற்குள் அவர் பேருந்து ஏறிவிடுவார்.

அடுத்த மாணவர் சேர்க்கைக் காலம் வந்தது. வருகிற பெற்றோரை உட்கார வைக்க வாசலுக்குப் பக்கத்தில் இடம் வேண்டும் என்று சந்திரமோகன் பதினேழாம் அறையைக் கேட்டார். ஆராய்ச்சியை மாடிக்கு மாற்றிக்கொள்ளச் சொன்னார். ஸ்வர்ணலதாவுக்கு அழுகை வந்தது. அதை அடக்கிக்கொண்டு தசரதனிடம் போனாள்.

"பதினேழை விட்டு வெளிய எடுக்கக் கூடாதுன்னீங்களே சார். இப்ப மட்டும் மாடிக்கு எடுக்கலாமா?"

"அதுல ஒரு பேஜாரும் இல்லீங்க," என்றார் தசரதன். "வாசல்ல இருக்கிற நம்பர் பலகையக் கழட்டி மாடி ரூம்ல மாட்டிட்டா, அதான் பதினேழு. ரிஜிஸ்டர்ல ஒண்ணும் மாத்த வேணாம்."

ஸ்வர்ணலதா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாடியிலதான் மாட்டணுமா சார்?"

"வேற எங்க மாட்டுவீங்க?"

"வண்டியில."

தசரதன் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்திக்கொண்டார். மேசையிலிருந்து உத்தரவை எடுத்து முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்தார். பதினேழாம் அறை எங்கே இருக்க வேண்டும் என்று அதில் ஒரு சொல்லும் இல்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார்.

"ரூம்னா கதவு இருக்கணும் மேடம்," என்றார் கடைசியில்.

புடவைக் கடையில் சரக்கு ஏற்றும் குட்டி யானை வண்டி ஒன்று இருந்தது. ஓட்டுபவர் வேலு. அதற்குத் தகரக் கூரை போட்டுப் பக்கவாட்டில் ஜன்னல் வைத்தார்கள். பின்பக்கம் தசரதன் கேட்டபடி கதவும் தாழ்ப்பாளும் வந்தன. மேசையைப் போல்ட்டோடு ஏற்றி, அவரே வண்டித் தளத்தில் இன்னும் சில போல்ட்டுகள் போட்டார். தீயணைக்க மணல் வாளி தொங்கியது. விட்டம் இல்லாததால் மின்விசிறியை மட்டும் விட்டுக்கொடுத்தார். கதவுக்கு மேல் பதினேழு என்ற பலகையைத் தன் கையாலேயே ஆணி அடித்தார். சந்திரமோகனுக்கு வாசல் அறை காலியானதில் சந்தோஷம். எலுமிச்சம்பழம் நசுக்கி அனுப்பிவைத்தார்.

பைபாஸ் கடை மாடியிலும், வழியில் ஒரு ரைஸ் மில்லிலும் கல்யாண மண்டபத்திலும், அதற்கப்பால் ஒரு பெட்ரோல் பங்கிலும் இணைப்புப் பெட்டிகளை வைத்தார்கள். இடையில் பெட்டி எட்டாத தூரத்துக்கு டேட்டா கார்டு. முதல் சோதனை ஓட்டத்தில் தசரதனும் உள்ளே ஏறி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். கருவிகளுக்குப் பொறுப்பு அவர் என்பதால் அறை எங்கே போனாலும் அவரும் போக வேண்டும் என்றார். கடைக் கணினியின் முன் ஒருவர் எண்களை ஒன்றிலிருந்து வரிசையாகச் சொல்லிக்கொண்டிருக்க, வண்டியின் திரையில் அவர் முகம் தெரிந்தது. மில்லைத் தாண்டும்போது இணைப்பு மாற, திரை ஓரத்திலிருந்த பச்சைப் புள்ளி மஞ்சளாகி மறுபடி பச்சையானது. எண் ஒன்றுகூட விடுபடவில்லை.

"அவ்ளோதானுங்களா?" என்றார் தசரதன்.

"அவ்ளோதான் சார். வண்டி இடம் மாறிடுச்சு. ஆனா அந்தப் பக்கத்துக்கு இது அதே ஆளுதான்."

தசரதன் ஜன்னல் வழியாகக் கரும்பைப் பார்த்தபடி பேசினார்.

"சர்வீஸ்ல என்ன எங்கெங்கயோ தூக்கிப் போட்டாங்க மேடம். நான் போய்ச் சேந்துடுவேன். என் ஃபைலு மெதுவாத்தான் வரும். அது வர்ற வரைக்கும் நான் யாருன்னு எவனும் ஒத்துக்க மாட்டான். கையெழுத்துப் போடக்கூட வுட மாட்டான். சும்மா குந்திகினு இருப்பேன்." திரையின் பக்கம் திரும்பி, "இத முன்னாடியே கண்டுபுடிச்சிருக்கலாம்," என்றார்.

அதற்கப்புறம் போல்ட்டுகளுக்கு எண்ணெய் போட்டு வந்தவரும் அவரேதான்.

டெல்லியிலிருந்து ஆய்வுக் குழு வரும் நாள் வந்தது. காலையிலேயே வருவதாக இருந்தது. சென்னையிலிருந்து வந்த கார் வழியில் பஞ்சர். ராகு காலம் தொடங்குவதற்குள் அறை புறப்பட்டாக வேண்டும் என்று சந்திரமோகன் பிடிவாதமாக இருந்தார். அதனால் குழு கல்லூரிக்கு வந்தபோது பதினேழாம் அறை அங்கே இல்லை. குழுவின் தலைவர் கண்டிப்பானவர். தனக்குக் கொடுக்கப்பட்ட உத்தரவில் பதினேழாம் அறையைப் பார்வையிடுவது என்றுதான் இருக்கிறது, அதைக் காட்டினால் போதும் என்று ஆங்கிலத்தில் சொன்னார். கல்லூரிப் பியூன் தன் ஆங்கிலத்தில் பதில் சொல்ல முயன்று, முடியாமல் கையை நீட்டிக் காட்டினார்.

"ரூமு ரைஸ் மில்லத் தாண்டிப் போயிகினு கீது சார். ஜல்தியா போனா புடிச்சிடலாம்."

குழுவின் கார் அறையைத் துரத்தியது. மண்டபத்துக்குப் பக்கத்தில் வேலு வண்டியை ஓரம் கட்டினார். தசரதன் கதவைத் திறந்துகொண்டு இறங்கி வணக்கம் சொன்னார். தலைவர் படியில் கால் வைத்ததும், "செருப்ப கழட்டிடுங்க சார், கம்ப்யூட்டர் லேப்," என்றார். மூன்று பெரிய மனிதர்கள் சாலையோரம் ஷூவைக் கழற்றிவிட்டு, குனிந்து, அறைக்குள் போய் அங்கே போட்டிருந்த பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்தார்கள். ஷூக்களைத் தசரதன் உள்ளேயே எடுத்து வைத்து, கதவைத் தாழ்ப்பாள் போட்டார்.

சோதனைக்கு யார் பேசுவது என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. சந்திரமோகன் பைபாஸ் கடையில், பின்னால் மணப்பெண் பட்டை விரித்துவைத்து, மாலையோடு கேமரா முன் உட்கார்ந்திருந்தார். வண்டி நகர்ந்தது. அவர் பேசத் தொடங்கினார். தன் தாத்தா ஒற்றைத் தறியோடு தொடங்கியதைச் சொன்னார். பிறகு தன் அப்பாவுக்கு வந்தார். மண்டபத்துப் பெட்டி முடிந்து டேட்டா கார்டுக்கு மாறியது, அப்பா அறவில்லை. அடுத்த பெட்டி வந்தது, சந்திரமோகன் பிறந்தார். குழுவினர் திரையை நெருங்கி, ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையசைத்தார்கள். ஸ்வர்ணலதா உள்ளங்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

போளூர் எல்லை வந்தபோது அவர் எட்டாம் வகுப்பில் இருந்தார். வண்டியைத் திருப்பினார்கள். எதிரே வந்த லாரிக்கு ஒதுங்கியதில் மணல் வாளி ஆடி ஒரு ஷூவுக்குள் மணல் கொட்டியது. பேச்சு மட்டும் தெளிவாக வந்துகொண்டே இருந்தது. சிங்கப்பூர் போய் வந்ததைச் சொல்லும்போது ஒரு மேட்டில் வண்டி தூக்கிப் போட்டது. எல்லோரும் ஆவலோடு திரையைப் பார்த்தார்கள். புள்ளி மஞ்சளாகி, பச்சையானது. சிங்கப்பூர் தொடர்ந்தது.

தலைவர் மெதுவாக ஸ்வர்ணலதா பக்கம் சாய்ந்தார். இதை நம் பக்கத்திலிருந்து நிறுத்த வழி இருக்கிறதா என்று கேட்டார்.

"இருக்கு சார்," என்று அவளும் மெதுவாகச் சொன்னாள். "ஆனா அவர்தான் கல்லூரியோட உரிமையாளர்."

தலைவர் புரிந்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். வண்டி கடை வாசலில் போய் நின்றது. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் சந்திரமோகன் நேரிலும், திரையில் படமாகவும் ஒரே சமயத்தில் பேசிக்கொண்டிருந்தார். குழுவினர் இறங்கி அவர் முன்னால் போய் நின்ற பிறகுதான் நிறுத்தினார். எல்லோருக்கும் பட்டு அங்கவஸ்திரம் போர்த்தினார்.

அன்று மாலை ஸ்வர்ணலதா தன் வடிவமைப்பைக் கணவரின் கணினியிலும் எப்படி ஏற்றுவது என்று சொல்லிக் கொடுத்தாள். அவர் வங்கியிலிருந்து பேசத் தொடங்கி, கணினியைத் திறந்தபடியே தூக்கிக்கொண்டு பேருந்தில் ஏறினார். பேச்சு ஓடியது. சாதாரணமாகத் தொடங்கியது, தூத்துக்குடிக்கு வரச் சொல்லி அவர் எப்போதும் கேட்பதில் வந்து நின்றது. எப்போதும் அங்கேதான் அறும். அன்று அறவில்லை. அவள் வரமாட்டேன் என்று சொன்னாள், காரணங்களையும் சொன்னாள். அவர் தன் காரணங்களைச் சொன்னார். இருவரும் இதுவரை சொல்லாததையெல்லாம் சொன்னார்கள். பக்கத்து இருக்கைக்காரர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். பிறகு சொல்ல ஒன்றுமில்லாமல் போயிற்று. திரையில் இருவரும் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

"லைன்ல இருக்கியா?" என்றார் அவர்.

"இருக்கேன்."

"நான் வேணா ஆரணிக்கு மாத்தல் கேட்டு எழுதிப் போடட்டுமா?"

"போடுங்க," என்றாள். அவளுக்குத் தன் ஆராய்ச்சி முடிந்துவிட்டது போலிருந்தது.

குழுவின் அறிக்கை மழைக்காலத்தில் வந்தது. இணைப்பு அறாமல் இருப்பது திருப்தியளிக்கிறது என்று ஒரு வரி. பேச்சை நாகரிகமாக முடித்துக்கொள்வதற்கான வசதியையும் எதிர்காலக் கட்டமைப்பில் சேர்க்க வேண்டும் என்று ஒரு பக்கம். ஆய்வகம் நிலையான இடத்தில் இல்லாததால், அது ஓரிடத்தில் நின்ற பிறகே அடுத்த ஆண்டுக்கான நிதியுதவி என்று முடிவுரை.

நிறுத்தலாம் என்றால் வண்டி இல்லை. சந்திரமோகன் அதில் நகரும் கல்லூரி என்று பெயின்ட் அடித்து, ஒலிபெருக்கி கட்டி, அடுத்த வருஷச் சேர்க்கைக்கு ஊர் ஊராக அனுப்பியிருந்தார். ஸ்வர்ணலதா போய்க் கேட்டதற்கு அவர் நிதானமாகப் பதில் சொன்னார்.

"கருவி எதுவும் ரூம விட்டு வெளிய போவலயேம்மா. நீதான சொன்ன, பேரு வேற, எடம் வேறன்னு."

வண்டி வெம்பாக்கம் பக்கம் சுற்றுகிறது என்று கேள்விப்பட்டு, ஒரு சனிக்கிழமை தசரதனும் அவளும் பேருந்து பிடித்துப் போனார்கள். வெம்பாக்கத்தில் கேட்டால் அறை காலையிலேயே அடுத்த கிராமத்துக்குப் போய்விட்டது என்றார்கள். அங்கே போனால் அதற்கடுத்த கிராமம். மத்தியானத்துக்கு மேல், ஓர் ஏரிக்கரையோரம் அதைப் பிடித்தார்கள். வேலு முன்னால் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். தசரதன் முதலில் போய்ப் போல்ட்டுகளைத் தொட்டுப் பார்த்தார். எல்லாம் இருந்தன.

மேசைக்கு முன் ஒரு வயதான அம்மாள் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். திரையில் ஓர் இளைஞனின் முகம், பின்னால் இரும்புக் கட்டில்கள்.

"யாரு வேலு இவங்க?"

"முனியம்மா மேடம். வெம்பாக்கத்துக்காரங்க. புள்ள வெற்றிச்செல்வன் சார்ஜாவுல கீறான். சும்மாதான கம்ப்யூட்டரு கீதுன்னு போட்டுக் குடுத்தேன். நேரமாச்சி, எறங்குன்னா, பேசி முடிக்கலன்றாங்க. நான் அடுத்த ஊருக்குப் போவணும். சரி, பேசிகினே வாங்கன்னு கூட்டியாந்துட்டேன். இது மூணாவது ஊரு."

"இடையில அறுந்துதா?"

"எங்கங்க. பேச்சு ஓடிகினே கீது."

தசரதன் தொண்டையைச் செருமினார். வெளியாட்கள் ஆய்வகத்தில் இருக்கக் கூடாது என்று சொல்லத்தான் வாயெடுத்தார். ஸ்வர்ணலதா அவரைப் பார்த்தாள். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே ஏறி, தன் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். அவளும் ஏறினாள். வேலு டம்ளரை அலம்பி வைத்துவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

முனியம்மாள் மாடு கன்று போட்டதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். மகன் என்ன நிறம் என்று கேட்டான். ஏரிக்கரை முடிந்து வண்டி தார்ச்சாலையில் ஏறும்போது புள்ளி மஞ்சளானது. ஸ்வர்ணலதா மூச்சைப் பிடித்துக்கொண்டு திரையை நோக்கிக் குனிந்தாள். புள்ளி பச்சையானது. மகன் செவலையா என்று கேட்பது தெளிவாகக் கேட்டது.

முனியம்மாள் புறங்கையால் அவள் தோளைத் தள்ளினாள்.

"கொஞ்சம் நவுந்து குந்தும்மா. என் புள்ள மூஞ்சி தெரியல."